எலுமிச்சைப் படம் போட்ட டப்பா

தொழிற்சாலையில் அவருக்கு மூக்கர் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் அச்சாகியிருக்கும். அதைப் பிரிக்கும்போதெல்லாம் யாருடைய கடிதத்தையோ திறந்துவிட்ட கூச்சம் அவருக்கு வரும். இத்தனைக்கும் மூக்கு ஒன்றும் பிரமாதமில்லை. கண்ணாடி வழுக்காமல் நிற்கும், அவ்வளவுதான். அந்தச் சாதாரண மூக்கை நம்பித்தான் மூன்று பேர் இரும்புத் தொட்டிக்குள் இறங்கினார்கள்.

பெயிண்டில் கலக்கும் தின்னர் தயாரிக்கும் தொழிற்சாலை அது. மூன்று ஆள் ஆழத்துக்குத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். காலியான தொட்டியின் அடியில் களிம்பு போல ஒரு கசடு படிந்திருக்கும். அதைச் சுரண்ட மனிதன்தான் இறங்கவேண்டும். இறங்கும் முன் தொட்டியைக் கழுவி, காற்றடித்து, மேல் வாயில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் கெட்ட ஆவி காற்றைவிடக் கனம். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே மீட்டர் காட்டும் பூஜ்யத்துக்கும் கீழே நடப்பதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அடிவரை அளக்க மீட்டருக்கு ஒரு நீளக் குழாய் உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி அளந்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடம் சும்மா நிற்பதென்றால் நம் ஆட்களுக்கு உயிரே போய்விடும். தொட்டிக்குள் போவது தேவலை என்பார்கள்.

அதனால் மூக்கர். வெள்ளைத் துணி ஒன்றைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குவார். கசடில் படாமல் ஒரு நிமிடம் தொங்கவிடுவார். மேலே இழுத்து, முகத்தருகே கொண்டுபோய், ஒரே மூச்சு. பிறகு ஒரே சொல். ஒன்று "இறங்கு", இல்லையென்றால் "வேணாம்". பல வருடம் முன்பு ஒரு நாள் மீட்டர் பூஜ்யம் காட்ட, இவர் வேணாம் என்றார். அதிகாரிகள் சிரித்தார்கள். பார்த்தால் மீட்டரில் பேட்டரி செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து நீளக் குழாய் அலமாரிக்குள் ஓய்வு பெற்றுவிட்டது. படிவத்தில் "குழாய் அளவு" என்ற கட்டத்தில் மட்டும் டிக் தவறாமல் விழும்.

அவருடைய குழுவில் மூன்று பேர். நெட்டை, கட்டை, அப்புறம் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. அவனை வேலையில் சேர்த்துவிட்டவரே மூக்கர்தான். சேர்த்த அன்று மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "போகும்போது எப்படிப் போறானோ அப்படியே திரும்பி வரணும்." அதை அவள் வேண்டுகோளாகச் சொல்லவில்லை.

முகமூடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கன்னத்தில் ஒரு நாள் தாடி இருந்தால்கூட முகமூடி ஒட்டாமல் இடைவெளி விடும். அதனால் தொட்டிப் பகுதியின் வாசலில் தினமும் பஞ்சுச் சோதனை. பாதுகாப்பு அதிகாரி ஒரு பஞ்சுத் துண்டை ஒவ்வொருவர் கன்னத்திலும் கீழிருந்து மேலாக இழுப்பார். ஓர் இழை ஒட்டினாலும் ஆள் வெளியே. குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி அவ்வளவு பதவிசாகச் செய்வார். பஞ்சு ஆபீசர் என்றுதான் அவருக்குப் பெயர். அவர் வாழ்க்கையில் விட்டுக்கொடுக்காத விதி அது ஒன்றுதான். மற்ற விதிகளுக்கு டிக் போடுவதோடு சரி.

மூன்று மாதம் முன்பு மூக்கருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்தார். நாலாம் நாள் எழுந்து டீ குடித்தார். வெந்நீர் மாதிரி இருந்தது. மனைவியைத் திட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் திட்டினார். சாயங்காலம் குளிக்கும்போது சோப்பை முகர்ந்தவர், ஈரத் துண்டோடு வெகுநேரம் அப்படியே நின்றார். அப்புறம் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெறப் பதினான்கு மாதம்தான் பாக்கி. சொன்னால் வாசலில் வருகைப் புத்தகத்தோடு உட்காரவைப்பார்கள். மூக்கர் என்று கூப்பிடும்போது பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். திரும்ப வந்துவிடும், திரும்ப வந்துவிடும் என்று காத்திருந்தார். காத்திருந்த நாட்களில் பெரும்பாலும் "வேணாம்" என்றே சொன்னார். இதிலே வேடிக்கை என்னவென்றால், மூக்கு செத்த பிறகுதான் மூக்கின் புகழ் உச்சிக்குப் போனது. "முன்னயவிட இப்ப கூர்மை ஆயிடுச்சு, சும்மா விடமாட்டேங்குறாரு" என்று நெட்டை எல்லோரிடமும் சொன்னான். ஆனால் தினமும் வேணாம் சொல்ல முடியாது அல்லவா? அதற்கு ஓர் ஈயை நம்பினார். தொட்டி வாயில் ஈ உட்கார்ந்தால் இறங்கு. உட்காராமல் பறந்தால் வேணாம். ஆக, மூன்று மாதமாக மச்சினனின் உயிர் ஓர் ஈயின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ஏழாம் தொட்டியை வியாழக்கிழமை திறப்பதாகப் பலகையில் எழுதினார்கள். இரண்டு வருடம் மூடிக் கிடந்த தொட்டி.

அதே வாரம் அவர் கன்னம் முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது. டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையைப் போட்டு, பஞ்சு ஆபீசருக்குப் பயந்து காலையும் மாலையும் மழித்தால் வேறென்ன ஆகும்? தொழிற்சாலை மருத்துவர் பார்த்துவிட்டு, "அந்தக் காத்து நுரையை விடுங்க. கிண்ணம், பிரஷ், நல்ல கட்டிச் சோப்பு வாங்கி மெதுவா நுரைச்சுப் போடுங்க" என்றார். சனிக்கிழமை மனைவியோடு கடைக்குப் போனார்.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டும். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கிண்ணங்களை வரிசையாக எடுத்து வைத்தார். எவர்சில்வர், மரம், பீங்கான்.

"எவர்சில்வர் உடையாது சார். ஆனா நுரை ரெண்டு நிமிஷத்துல ஆறிப்போயிடும். மரம் பாக்க லட்சணம். ஈரம் பட்டுப் பட்டு ஒரு வருஷத்துல வாயைப் பொளந்துடும்."

"உங்க வாய் மாதிரி" என்றாள் மனைவி. காலையிலிருந்து அவளுக்கு மூட்டு வலி.

"அதனால பீங்கான்" என்று கடைக்காரர் கோபப்படாமல் முடித்தார். "வெந்நீர் ஊத்தி வெச்சா சூடு நிக்கும். உள்ள பாருங்க, வரி வரியா மேடு இருக்கு. பிரஷ் அதுல உரசினாத்தான் நுரை கெட்டியாகும்."

மூக்கர் கிண்ணம் தேர்ந்தெடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து நகத்தால் சுண்டினார். ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தது. அதன் ஓசை பாதியில் செத்தது. தனியே ஒதுக்கினார். அடி கனமாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் எடை பார்த்தார். இடது கையில் பிடித்து, வலது கையில் இல்லாத பிரஷை வைத்துச் சுழற்றிப் பார்த்தார். உள்மேட்டை விரலால் தடவி, "இது மழுங்கல், இது சரி" என்றார். நாற்பது நிமிடம் கழித்து, கட்டைவிரல் பதிய ஒரு குழி வைத்த கருநீலக் கிண்ணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரரே எழுந்து நின்றுவிட்டார். "முப்பது வருஷத்துல இப்படிப் பாத்து வாங்கின ஆள் கிடையாது சார்." கண், காது, கை எல்லாம் புலி மாதிரி இருந்தன.

பிறகு சோப்பு. அதற்கு நான்கு வினாடி ஆனது.

கடைக்காரர் மேல்தட்டைத் துழாவி, எலுமிச்சைப் படம் போட்ட ஒரு வட்ட டப்பாவை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார். திறந்த கணமே அவர் முகம் கோணியது. பழைய சரக்கு. கொழுப்பில் செய்த சோப்பு வெயிலில் கிடந்து கெட்டுப்போயிருந்தது. ஒரு வாரமாகக் கழுவாத எண்ணெய்ச் சட்டியும் நனைந்த நாயும் ஒரே அறையில் பூட்டிக் கிடந்த மாதிரி ஒரு நாற்றம் கடையை அடைத்தது. மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் மூடப் போனார். அதற்குள் மூக்கர் டப்பாவை வாங்கிவிட்டார். படத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார். நெஞ்சு விரிய ஓர் இழுப்பு.

"ஆஹா! எலுமிச்சை. இதுதான் நமக்கு."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கணவனைப் பார்த்தாள். மூன்று மாதத்து டீயும் சாப்பாடும் திடீரென்று நின்றுபோன திட்டும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. கூடவே கயிற்றில் கட்டிய வெள்ளைத் துணியும் தம்பியும்.

"அம்மா, அது கெட்டுப்..."

"அதையே கட்டுங்க" என்றாள்.

"இல்லம்மா, வேற நல்லதா..."

"கட்டுங்கன்னு சொன்னேன்ல."

ஏன் அங்கேயே போட்டு உடைக்கவில்லை என்று கேட்கலாம். இருபத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் அவள் கற்றது ஒன்று. அவள் சொன்னால் அது சண்டை. அதையே வெளியில் ஒருவன் சொன்னால் அது செய்தி. கூரை ஒழுகுகிறது என்று இரண்டு மழைக்காலம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருதரம் சொன்னதும் ஆள் வந்தான். ஆகவே செய்தியை அவர் முகத்திலேயே பூசி அனுப்பினாள். தொழிற்சாலையில் எவனாவது ஒருவன், "என்ன மூக்கரே, இப்படி நாறுதே" என்று கேட்கமாட்டானா? கேட்டால் அந்த இடத்திலேயே சாயம் வெளுத்துவிடும். வியாழனுக்கு இன்னும் மூன்று வேலை நாள் இருந்தது.

திங்கள்கிழமை காலை மூக்கர் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றினார். பிரஷை நனைத்து, சோப்பில் சுழற்றி, கிண்ணத்து மேட்டில் தேய்த்துத் தேய்த்து, கவிழ்த்தால் விழாத நுரை எடுத்தார். பாட்டு வேறு. குளியலறைக் கதவிடுக்கில் வந்த நாற்றம் தாங்காமல் மனைவி சன்னலைத் திறந்தாள்.

பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. வாசலில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பஞ்சு ஆபீசர் கையை முழுக்க நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பஞ்சை இழுத்தார். வயதுக்கு மரியாதை இந்தக் காலத்திலும் இருக்கிறது என்று மூக்கர் நெகிழ்ந்தார்.

யாரும் கேட்கவில்லை. அவர் குழுவின் மூன்று பேரும் கழிப்பறைக்குப் பின்னால் கூடி ஆராய்ந்தார்கள்.

"முகத்துல எதையோ பூசிக்கிட்டு வர்றாருடா" என்றான் கட்டை.

"எதையோ இல்ல. தெரிஞ்சேதான் பூசுறாரு" என்றான் நெட்டை. "யோசிச்சுப் பாரு. ஊரிலேயே கூரான மூக்கு. அது பக்கத்துல இந்த நாத்தத்தை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் பாட்டுப் பாடிட்டு வர்றாருன்னா சும்மாவா? மூக்குக்குப் பயிற்சி! இந்த நாத்தத்தையும் தாண்டி ஆவியைப் பிடிக்கணும்னு பழக்குறாரு. வியாழக்கிழமை ஏழாம் தொட்டில்ல?"

மச்சினனுக்கு மெய் சிலிர்த்தது. நம்பிக்கை என்று ஒன்று முற்றிவிட்டால் நாற்றமும் தொழில் ரகசியமாகிவிடும்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். அவன் படியேறும்போதே அந்த நாற்றம் அவளை எட்டிவிட்டது. அவன் கன்னம் பளபளவென்று இருந்தது.

"அக்கா, அத்தான் வாங்குற கடையைக் கண்டுபிடிச்சிட்டேன். கடைக்காரரு இன்னும் நாலு டப்பா வெச்சிருந்தாரு. நாங்க மூணு பேரும் இன்னிக்கு இதான் போட்டோம்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முகமூடியின் வடிகட்டி தேய்ந்துபோனால் உள்ளே ஆவியின் வாசனை வரும். அதுதான் இறங்கியவனுக்குக் கடைசி எச்சரிக்கை. கணவன் சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லிக் கேட்டது. இப்போது அந்த முகமூடிக்குள் கெட்ட கொழுப்பு வாசனை தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு மூக்கைக் காட்டிக்கொடுக்க நினைத்தவள் இன்னும் மூன்று மூக்கை அடைத்துவிட்டாள்.

"டேய், உங்க அத்தானுக்கு மூக்கு செத்துப்போச்சுடா. மூணு மாசமா ஒண்ணும் தெரியாது. அந்தச் சோப்பைத் தூக்கிப் போடு."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "சண்டையா ரெண்டு பேருக்கும்?"

"சத்தியமா சொல்றேன்."

"போன வாரம்கூட ரெண்டு தொட்டிக்கு வேணாம் சொன்னாருக்கா! செத்த மூக்கு எப்படி வேணாம் சொல்லும்? எதுவா இருந்தாலும் அத்தானை விட்டுக்கொடுத்துப் பேசாத." அறிவுரை சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை அவள் குளியலறை வாசலில் நின்றாள். அவர் கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தச் சோப்பு நாறுது."

"எனக்குப் பிடிச்சது எதுதான் உனக்குப் பிடிச்சிருக்கு?"

"பிணம் மாதிரி நாறுதுங்க. கடையிலயே நாறிச்சு. நான்தான் வேணும்னு வாங்கவிட்டேன்."

பிரஷ் ஒரு சுற்று நின்றது. மறுபடி சுற்றியது. "காலங்காத்தால ஆரம்பிக்காத" என்றார். ஆனால் அன்று பாட்டு இல்லை.

ஏழாம் தொட்டி மற்றவற்றைவிட உயரம். மேல் தளத்தில் நான்கு பேரும் ஆபீசரும் நின்றார்கள். பஞ்சுச் சோதனையில் எல்லோரும் தேறிவிட்டார்கள். வாய் மூடியைச் சுழற்றித் திறந்தபோது உள்ளே கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மேலே வைத்த மீட்டர் பூஜ்யம் காட்டியது. மூக்கர் துணியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. ஈ ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்தார். அத்தனை உயரத்துக்கு ஈ வரவில்லை.

மச்சினன் முகமூடியை மாட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கழற்றினான்.

"அப்பா! அத்தான், இந்தச் சோப்பை எப்படித்தான் தினமும் தாங்குறீங்க? உள்ள வேற ஒரு வாசனையும் தெரியல. செத்த எலியை வாயில வெச்சிக்கிட்ட மாதிரி இருக்கு."

"என்ன செத்த எலி? நல்ல எலுமிச்சை வாசனை."

மூன்று பேரும் சிரித்தார்கள். "எலுமிச்சையாம்!" என்று கட்டை தொடையில் தட்டினான். மூக்கர் அவர்கள் முகங்களைப் பார்த்தார். மூன்று கன்னமும் ஒரே மாதிரி பளபளத்தன. பேருந்தின் காலி இருக்கையும், நீட்டிய கையின் நுனியில் இருந்த பஞ்சும், கடையில் மனைவியின் கைக்குட்டையும் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. கையில் கயிறு கனத்தது.

துணியை இழுத்தார். முகத்தருகே கொண்டுபோனார். வெள்ளைத் துணி. ஈரம். வேறு ஒன்றுமில்லை. உலகத்தில் எதற்குமே வாசனை கிடையாது என்பது போல ஒன்றுமில்லை.

மச்சினன் ஏணியில் ஒரு காலை வைத்துத் தயாராக நின்றான்.

"வேணாம்" என்றார். "எவனும் இறங்கக் கூடாது. எனக்கு வாசனை தெரியல. மூணு மாசமாச்சு. மூக்கு போயிடுச்சு."

 நெட்டை சிரிக்க ஆரம்பித்தான். "பாத்தியாடா, நம்மளைச் சோதிக்கிறாரு!"

"விளையாடலைடா. சார், குழாயை எடுங்க."

பஞ்சு ஆபீசருக்குக் குழாய் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. தூசு தட்டி மாட்டினார்கள். முதல் ஆள் ஆழத்தில் பூஜ்யம். இரண்டாம் ஆழத்திலும் பூஜ்யம். கட்டை கொட்டாவி விட்டான். மூன்றாம் ஆழத்தைத் தொட்டதும் மீட்டர் சிவந்து கத்த ஆரம்பித்தது. அதை அணைக்க யாருக்கும் தெரியவில்லை. கத்திக்கொண்டே இருந்தது.

மச்சினன் ஏணியிலிருந்து காலை எடுத்தான். மெதுவாக, சத்தமில்லாமல், தூங்குகிற ஒன்றை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. நெட்டை மூக்கரின் காலைத் தொட்டான். "மீட்டருக்கு இருபது நிமிஷம் ஆச்சு. எங்க அண்ணனுக்கு ஒரு மூச்சு!" ஆபீசர் கண் கலங்கினார். மூக்கு செத்துவிட்டது என்று மூக்கர் இன்னும் இரண்டு முறை சொன்னார். தன்னடக்கம் என்றார்கள். குழாய் மறுபடி அலமாரிக்குள் போனது. மனிதன் பொய் சொன்ன மூன்று மாதமும் நம்பியவர்கள், உண்மை சொன்ன அன்று கைதட்டினார்கள். "முகத்தைக் கழுவுங்கடா, அந்த டப்பாவைக் குப்பையில போடுங்கடா" என்று அவர் கத்தியதை மட்டும் கேட்டார்கள். அதையும் ஏதோ அடுத்த கட்டப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. "நீங்க சொன்னாலும் நம்பலயா? இப்பத் தெரியுதா நான் படற பாடு" என்றாள். பிறகு, "அவங்க எதைத்தான் நம்புவாங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். கன்னப் புண்ணைச் சொல்லி ஒரு வாரம் விடுப்பு போட்டார். மறுநாள் காலை கிண்ணத்தைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை.

அடுத்த வியாழன் பஞ்சு ஆபீசர் அவர் கன்னத்தில் பஞ்சை இழுத்தபோது பாதிப் பஞ்சு அங்கேயே நின்றுவிட்டது. நரைத்த தாடியில் வெள்ளைப் பஞ்சு.

"மூக்கரே, என்ன இது? கழிப்பறையில பிளேடு இருக்கு, போய் எடுத்துட்டு வாங்க."

"கன்னம் புண்ணு சார். மருத்துவர் மழிக்கக் கூடாதுன்னுட்டாரு."

"நான் கண்ணை மூடிக்கிறேன், சும்மா உள்ள போங்க."

"விதின்னா விதிதான் சார்." இருபத்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்தை ஆபீசரிடம் வேறு யாரும் சொன்னதில்லை. அவரால் மறுக்க முடியவில்லை. மூக்கருக்கு வாசலில் ஒரு நாற்காலியும் வருகைப் புத்தகமும் கொடுத்தார்கள். எதற்குப் பயந்து மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அந்த நாற்காலி.

அரை மணி நேரத்தில் மச்சினன் ஓடி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் வெள்ளைத் துணி.

"நீங்கதானே உள்ள வரக்கூடாது அத்தான்? துணி வெளிய வரலாம்ல? ஒரு மூச்சு பாத்துச் சொல்லுங்க."

மூக்கர் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தன் பையிலிருந்து எலுமிச்சைப் படம் போட்ட டப்பாவை எடுத்தார். அவருடைய டப்பாவை மட்டும் அவர் குப்பையில் போடவில்லை.

"நான் கண்ணை மூடிக்கிறேன். இதையும் துணியையும் மாத்தி மாத்தி மூக்குகிட்ட காட்டு. எதுன்னு சொல்றேன்."

மச்சினன் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து நீட்டினான். தானே ஓரடி பின்வாங்கினான்.

"துணி" என்றார் மூக்கர்.

துணியை நீட்டினான்.

"இதுவும் துணிதான்... இல்ல, சோப்பா?"

மறுபடியும் டப்பா. மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோனான். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "காட்டு, காட்டு" என்று காத்திருந்தார்.

மச்சினன் டப்பாவை மூடினான். மூடி சரியாகத் திருகவில்லை.  "அப்ப அந்த மூணு மாசம்..." என்று ஆரம்பித்தான். எத்தனை தொட்டி என்று மனசுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"ஈ" என்றார் மூக்கர். 

மச்சினன் துணியை மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டே, "மேல போய் என்ன சொல்ல?" என்றான்.

"குழாய் போட்டு அளந்து, மீட்டர் நம்பரோட துணி வந்தாத்தான் மூக்கர் பாப்பாருன்னு சொல்லு. நம்பர் இல்லாத துணியைத் தொடமாட்டாருன்னு சொல்லு."

"உண்மையச் சொல்லிடவா?"

"சொல்லிப் பாத்தோமே."

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு தொட்டிக்கும் குழாய் இறங்குகிறது. இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மூக்கர் துணியைப் பார்க்கவேண்டுமே என்பதற்காக. துணி ஒரு சீட்டோடு வாசலுக்கு வருகிறது. அவர் சீட்டைப் படித்துவிட்டு, துணியை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, சீட்டில் இருப்பதையே சொல்கிறார். மீட்டரும் மூக்கும் ஒருதரம்கூட மாறுபட்டதில்லை என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. "அப்புறம் எதுக்குடா இந்த மீட்டர்?" என்று நெட்டை இப்போதெல்லாம் கேட்க ஆரம்பித்திருக்கிறான். ஆபீசர் தலையாட்டுகிறாராம்.

கருநீலக் கிண்ணத்தை மனைவி பல் துலக்கும் பிரஷ் வைக்க எடுத்துக்கொண்டாள். மூக்கரின் தாடி சட்டைப் பொத்தான் வரை வந்துவிட்டது. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். தொட்டியில் ஆள் இறங்கும் நாட்களில் அவர் வருகைப் புத்தகத்தில் எதுவும் எழுதுவதில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டிகளின் மேல் தளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தொட்டி வாயிலிருந்து ஒரு தலை வெளியே வரும். இரண்டாம் தலை. மூன்றாவது வர எப்போதும் கொஞ்சம் நேரமாகும்.